துரட்டி, காலிச் சாக்கு

சங்கம் கொடுத்த தாளில் முதல் விதி இது:
பார். எழுது. வாயைத் திறக்காதே.

அஞ்செட்டி தாண்டி மலைச்சாலை முதுகை வளைக்கும் இடத்தில்
குறுக்கே ஒரு சவுக்குக் கட்டை.
ஒரு முனையில் கயிறு,
மறுமுனையில் மணல் நிரப்பிய கெரசின் டின்.
ஏற்றி இறக்க அதிரடிப்படையினர் ஆறு பேர்.
எதிர்ப் புளியமரத்தடியில் நாங்கள் இருவர்:
தேன்கனிக்கோட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நான்,
டெலிபோன் இலாகாவில் ரிடையரான வெங்கடேசலு.
முப்பது வருடம் ஊரார் பேச்சைக் காதில் வாங்கி
ஒரு சொல் வெளியே விடாத மனிதர்.

நோட்டில் நான்கு பத்தி.
போனவர். வந்தவர். நிறுத்திய நிமிடம். கையில் இருந்தது.

6.10. பெண். மூன்று கிலோ ராகி. நிமிடம் முப்பது.
இரண்டு கிலோ தாண்டினால்
காட்டுக்குள் எவனுக்கோ களி என்பது அவர்கள் கணக்கு.
வீட்டில் ஏழு வாய் என்பது அவள் கணக்கு.
ஒரு கிலோ கட்டையடியில் தங்கியது.
6.25. பையன். ஜாமென்ட்ரி பாக்ஸ்.
காம்பஸ் முனையைத் தன் விரலிலேயே குத்திப் பார்த்தார் ஒருவர்.
நிமிடம் நான்கு.
6.40. கிழவர். டார்ச்சுக்கு இரண்டு பேட்டரி.
நிமிடம் தொண்ணூறு.
6.50. ஆண். நாற்பது வயதிருக்கலாம்.
துரட்டி, காலிச் சாக்கு.
நிமிடம் எதுவுமில்லை.

அவர்களில் இளையவன், மீசை இன்னும் முழுதாக வராதவன்,
தண்ணீர் குடிக்க வந்தபோது கேட்டான்:
"என்னையும் எழுதுவீங்களா அதுல?"
விதிப்படி நாங்கள் புளியம்பூவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தத் திங்கட்கிழமை
போனவர் அறுபத்துமூன்று.
வந்தவர் அறுபத்திரண்டு.
வெங்கடேசலு மூன்று முறை விரல் வைத்து எண்ணினார்.
கடைசி பஸ் ஹாரன் அடித்து அடித்து அலுத்தது.

செவ்வாய் காலை மரத்தடிக்கே வந்துவிட்டாள் கெம்பம்மா.
"எழுதுறீங்கல்ல, எங்க வூட்டுக்காரரு அதுல இருக்காரா?"
பக்கத்தைப் புரட்டி 6.50ஐக் காட்டினேன்.
படிக்கத் தெரியாதவள்
ரேஷன் கடையில் வைப்பதுபோல்
அந்த வரியின்மேல் கட்டைவிரலை வைத்தாள்.
வாசித்துச் சொன்னேன்.
"நாப்பது இல்ல, முப்பத்தாறு" என்றாள்.
பிறகு பெயரைச் சொன்னாள்.
நான்கு மாதத்தில் நோட்டுக்குள் விழுந்த முதல் பெயர்.
பத்தி இல்லாததால் ஓரத்தில் எழுதினேன்:
சிக்கமாதையன்.

வெங்கடேசலு எழுந்து வேட்டியை உதறினார்.
விதியைத் தாண்டி, சாலையைத் தாண்டி,
கட்டைக்கு அந்தப் பக்கம் போய்க் கேட்டார்.
அவர்களிடமும் ஒரு ஏடு இருந்தது, சிவப்பு அட்டை.
திங்கட்கிழமை அறுபத்திரண்டு பேர் போனார்கள்,
அறுபத்திரண்டு பேர் வந்தார்கள்.
அடித்தல் திருத்தல் இல்லாத கணக்கு.
இளையவன் அப்போது கயிற்றை முடிந்துகொண்டிருந்தான்,
ஏற்கெனவே முடிந்திருந்த கயிற்றை.

சனிக்கிழமை 4.20.
காட்டுப் பக்கமிருந்து அல்ல,
முகாமுக்குப் பிரியும் தடத்திலிருந்து வந்தார்.
துரட்டி இல்லை. சாக்கு இல்லை.
இடது குதிகால் தரையைத் தொடவில்லை.
இளையவன் யாரையும் கேட்காமல் கட்டையை உயர்த்தினான்,
ஒரு ஆளுக்குத் தேவையில்லாத உயரத்துக்கு.
எங்களைக் கடக்கும்போது சிக்கமாதையன்
எங்கள் பக்கம் திரும்பவில்லை.
அவரை நாங்களும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

'கையில் இருந்தது' பத்தியில்
ஒன்றுமில்லை என்று எழுதப் போனேன்.
வெங்கடேசலு பேனாவைப் பிடித்தார்.
"விரல் மடங்கி இருந்தது. நாம பாக்கல.
பாக்கலைன்னு எழுது."

திங்கட்கிழமைப் பக்கத்தில் ஒன்று குறைகிறது.
சனிக்கிழமைப் பக்கத்தில் ஒன்று கூடுகிறது.
சங்கத்துக்கு அனுப்பும் படிவத்தில்
வார மொத்தம் போட்டால் நேராகிவிடும்.

அந்தக் கட்டத்தை மட்டும்
வெறுமையாக அனுப்பினோம்.