எட்டாவது சட்டை

வந்தபோது உளுந்தளவு.
ஹோமியோபதிப் புட்டியில் பஞ்சடைத்து
கோயம்புத்தூரிலிருந்து அன்வர்தீன் கொடுத்துவிட்டிருந்தான்.
உள்ளே ஈரமண், ஒரு நூல்,
நூலின் முனையில் கொஞ்சம் கோபம்.

செவந்தி என்று பெயர் வைத்தேன்.
பெண்ணென்றால் இருபது வருஷம் இருக்கும் என்றான்.
கல்யாணப் பேச்சை வீட்டோடு விட்டுவந்தவனுக்கு
இருபது வருஷம் நல்ல கணக்காகப் பட்டது.

செல்லூரில் மாடி ரூம்.
சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி.
துண்டு நெய்கிற அதிர்வில்
மேஜைமேல் தண்ணீர் டம்ளர் தானாக நகரும்.
தறி ஓடும்வரை செவந்தி வெளியே வரமாட்டாள்.
கரண்ட் போய்த் தெருவே முனகும்போது
ஒவ்வொரு காலாக
தரையைக் கேட்டுக் கேட்டு வருவாள்.

வீட்டுக்கார சௌந்தரவல்லி அக்காவுக்கு
அந்த டப்பாவில் இருப்பது மைசூர்பாகு.
'ஒருநாள்கூட ஒண்ணு குடுக்கலையே தம்பி.'

முதல் சட்டையைச் சாவென்று நினைத்தேன்.
பத்து நாள் பட்டினி,
பிறகு பட்டில் ஒரு பாய் விரித்து
அதன்மேல் மல்லாந்துவிட்டாள்.
அழுகையை அடக்கி போன் அடித்தேன்.
'தொட்டுறாதடா. செத்தா கால் உள்ள மடங்கும்.
மல்லாந்து கெடந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம்.'

வேலை நடந்தது.
முதுகு ஓடு டிபன்பாக்ஸ் மூடிபோல் விலக,
ஈர சாக்ஸிலிருந்து காலை உருவுவது மாதிரி
எட்டையும் ஒரே நேரத்தில் உருவினாள்.
இரண்டு மணி நேரம். நான் லேபுக்கு லீவு சொன்னேன்.
வெளியே வந்தவளின் பல் வெள்ளை,
மறுநாள் வெற்றிலைச் சிவப்பு,
கருப்பேற ஒரு வாரம்.
அந்த வாரத்தில் ஒரு சுவர்க்கோழி போதும்
அவளைத் தின்றுவிட.
பசிக்குமே என்று போட்ட தீனியை
இடுக்கியால் தேடித் தேடி எடுத்தேன்.

அந்தச் சட்டை மின்விசிறியில் பறந்துபோனது.
மற்றவற்றுக்கு ஸ்லைடு பெட்டியில் தேதி போட்டு இடம்.
நான்காவதுக்கு முன்பு
அவசரத்தில் மூடி சாத்தி ஒரு காலை நசுக்கினேன்.
கழற்றிப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.
அடுத்த சட்டையில் ஈர்க்குச்சியாய் ஒன்று,
அதற்கடுத்ததில் சரிக்குச் சரி.
எந்தக் கால் என்று இப்போது எனக்கே தெரியாது.

ஏழாவதை லேபுக்குக் கொண்டுபோனேன்.
சுகர் பார்க்கிற கூட்டம் வடிந்த பதினொரு மணிக்கு
வெந்நீரில் ஊறவைத்து, விரித்து,
மைக்ராஸ்கோப்புக்கு அடியில்.
'யாரோட சாம்பிள்?' என்றாள் ஜெபராணி.
'வீட்டு ஆளோடது.'
விதைப்பை இருக்கவேண்டிய இடம்
துடைத்துவைத்த மாதிரி இருந்தது.
லென்ஸை மாற்றினேன். கண்ணாடியைத் துடைத்தேன்.
அவளுக்குக்
கடைசி எழுத்து மட்டும் மாறியது.

ஆணுக்குக் கடைசிச் சட்டை என்று ஒன்று உண்டு.
எட்டாவதிலிருந்து வெளியே வந்தவன்
மெலிந்து, நெடுநெடுவென்று,
முன்கை நுனிகளில் குத்துச்சண்டை உறையோடு இருந்தான்.
தீனியை ஏறிட்டும் பார்க்கவில்லை.
தறி ஓடினாலும் நடக்கிறான்,
நின்றாலும் நடக்கிறான்.
நாலு மூலையும் முடிந்தபின் மறுபடி முதல் மூலை.
ராத்திரி முழுக்க பிளாஸ்டிக்கில்
மழை ஆரம்பிக்கிற சத்தம்.
பெயரை மாற்றவில்லை. செவந்தி செவந்திதான்.

அன்வர்தீனிடம் ஒரு பெண் இருக்கிறது.
'பசியோட இருந்தான்னா
மாப்பிள்ளை திரும்பி வரமாட்டான், பாத்துக்க.'
வராவிட்டாலும் ஆறு மாசம்தான் என்று
இரண்டு பேருக்கும் தெரியும்.

ஆரப்பாளையத்தில் கோவை வண்டி.
மடியில் டப்பா.
'என்ன தம்பி, பலகாரமா?' என்றார் கண்டக்டர்.
'பொண்ணு பாக்கப் போறோம்ணே.'
சிரித்துக்கொண்டே கிழித்துக் கொடுத்தார்,
ஒரு டிக்கெட்.

வாடிப்பட்டியில் நிறுத்தி இன்ஜினை அணைத்தார்கள்.
மதுரையிலிருந்து நிற்காத நடை
டப்பாவுக்குள் நின்றது.
எல்லாக் காலையும் ஊன்றி
எதையோ கேட்கிறான்.
மூடியில் காதை வைத்தேன்.
வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவள்
என்னைத் தாண்டிப் பின்சீட்டுக்குப் போனாள்.