விசாரணை

அத்திப்பட்டு தாண்டி,
சாம்பல் குழாய்க்கு இந்தப் பக்கம்
இருபத்தி மூணு வீடு.
டீக்கடைக்காரர் தவிர
எல்லாரும் நாங்கதான்.

சாதிச் சான்றுக்கு விசாரிக்க வந்தவர்
ஜீப்பை விட்டு இறங்கல.
கரையில நின்ன என்னை விட்டுட்டு
தண்ணியைப் பார்த்துக் கத்தினார்:
"இருளர்னா பாம்பு பிடிக்கணுமே,
பிடிப்பியாம்மா?"

செஞ்சி அக்கா
கழுத்தளவு ஆத்துல,
பல்லுல பறியைக் கடிச்சபடி,
ரெண்டு கையும் சேத்துக்குள்ள.
வாயைத் திறந்தா
காலையிலேர்ந்து தடவினது அத்தனையும் போயிடும்.

ஒண்ணு எடுத்துப் போட்டா.
இன்னொண்ணு.
அனல் நிலையத்து வெந்நீர்
இன்னும் திறந்துவிடல.

அவர் எழுதினார்:
விண்ணப்பதாரரின் தாயார்
பதிலளிக்க மறுத்துவிட்டார்.

வண்டி கிளம்பினப்போ
கண்ணாடியை இறக்கி
"இறால் கிலோ என்ன?"

அக்கா
பறியைக் கையில வாங்கினா.
"உனக்கு
எண்ணூறு."