பதினேழாம் துறை

ரெங்கத்திலிருந்து கடலைப் பார்க்க
ஒரு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும்.
எங்கள் செம்பனை ஆலையிலோ இருபத்துநான்கு துறைகள்,
இரும்பலமாரிக்குள், ஒரே சுவிட்சில்.
கப்பல் கிடையாது. பச்சை விளக்குகள் மட்டும்.

காலை ஆறரைக்கு நான் எடுக்கும் பெரட்டு இது:
ஒன்று, மேனேஜர் அறை. வந்தது இவ்வளவு, போனது இவ்வளவு, பிழை சுழி.
நான்கு, கொதிகலன் கேமரா. ராத்திரி முழுக்க ஆவியைப் படமெடுத்த களைப்பு.
ஒன்பது, சம்பளப் பிரிவு. மாதக் கடைசி வரை தூங்கும்.
பன்னிரண்டில் யாருமில்லை;
கித்தா காலத்துக் கிட்டங்கிக்குப் போகும் கம்பி,
எலி தின்றது போக மிச்சம்.
பதினேழு, எடைப்பாலம்.
பதினேழில் மட்டும் பிழை ஏறிக்கொண்டே இருந்தது.

சி.ஆர்.சி. பிழை.
அனுப்பியவன் போட்ட கூட்டலும்
வாங்கியவன் போட்ட கூட்டலும் ஒத்துவராத சீட்டை
சுவிட்ச் சத்தமில்லாமல் கிழித்துப்போடும்.
எத்தனை கிழித்தது என்று எண்ணி வைக்கும்.
யாருடைய சீட்டு என்று வைக்காது.

முனையை மாற்றினேன். ஏறியது.
பதினெட்டில் செருகினேன், அங்கும் கூடவே வந்தது;
திரும்பப் பழைய இடத்திலேயே விட்டேன்.
மழை என்றார்கள். மழையில்லாத வாரமும் ஏறியது.
அணில் என்றார் ஸ்டோர் கிராணி ஆரோக்கியம்,
நேரில் பார்த்தவர் மாதிரி.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
மடிக்கணினியும் குடையுமாகப் பாலத்தருகே உட்கார்ந்தேன்.
காலி லோரி ஏறியது: எண் அசையவில்லை.
குலை ஏற்றிய லோரி: பதினொன்று.
அடுத்தது, டயர் பிதுங்க: இருபத்தாறு.
மறுபடி காலி: ஒன்றுமில்லை.
தட்டு அமுங்கும்போதெல்லாம்
அடியில் உடைந்த குழாயும், அதற்குள் கம்பியும்
சேர்ந்து அமுங்கின.
ஆக, இங்கே இரண்டு தராசு இருந்திருக்கிறது.
ஒன்று டன்னில் சொன்னது. மற்றது பிழையில்.

சீட்டு அடிக்கும் நோர்லியா மலாயில் சொன்னாள்,
கனமான லோரி வந்தால் திரை உறைந்துவிடும்,
அதனால் இரண்டு தடவை அழுத்துவேன் என்று.

இரண்டு தடவை.
அந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன்.

மார்ச்சில், ஒரே சுமைக்கு இரண்டு சீட்டு வாங்கினான் என்று
லோரிக்காரர் சிங்காரவேலுவை
கேட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள்.
பதினான்காம் தேதி. பதினொன்று நாற்பத்திரண்டு.
"நான் லோரிய விட்டு இறங்கவே இல்ல சார்."
அந்தக் குரல் கேண்டீன் வரை கேட்டது. எனக்கும் கேட்டது.
மீ கோரெங்கை முடித்துவிட்டு எழுந்தேன்.

அன்றைய வரைபடத்தைத் திறந்தேன்.
நிமிடக் கணக்கு இரண்டு மாதம்தான் தங்கும்.
அப்புறம் நிமிடங்களை மணியாகச் சுருக்கும்,
மணிகளை நாளாகச் சுருக்கும், இடத்தை மிச்சம் பிடிக்க.
நான்தான் அப்படி அமைத்தேன்.
மார்ச் பதினான்கு இப்போது ஒரு சின்ன மேடு.
பதினொன்று நாற்பத்திரண்டு சராசரிக்குள் போய்விட்டது.
அதன் கனத்தை மற்ற நிமிடங்கள்
ஆளுக்குக் கொஞ்சமாய்ப் பங்கு போட்டுக்கொண்டன.

புதுக் கம்பி, புதுக் குழாய். அரைநாள் வேலை, நூற்றெண்பது வெள்ளி.
நோர்லியா ஒரு தடவைதான் அழுத்துகிறாள்.
எண் நின்றது: 41,306.

செவ்வாய்க்கிழமைக் கணக்கை ஒட்டி அறிக்கை எழுதினேன்.
லோரி எண் பக்கத்தில் பிழை எண்.
"மார்ச்சுக்கு ஆதாரம்?" என்றார் மேனேஜர்.
இல்லை என்றேன். காரணம் இருக்கிறது என்றேன்.
பார்க்கலாம் என்றார்.

வேலை முடிந்தால் எண்ணியைச் சுழியாக்க வேண்டும், அதுதான் முறை.
கட்டளையை அடித்தேன். உறுதியா என்று கேட்டது.
இல்லை என்று அழுத்தினேன்.

நாளை ஆறரைக்குப் பதினேழு வந்து நிற்கும்,
நாற்பத்தோராயிரத்து முந்நூற்று ஆறு என்று.
அதற்குள் ஒரு போன் செய்ய வேண்டும்.
சிங்காரவேலு இப்போது குளுவாங்கில் கோழி லோரி ஓட்டுகிறாராம்.
கோழி லோரிக்காரர்கள்
நாலு மணிக்கே எழுந்துவிடுவார்கள்.