நூற்று நாற்பதாவது அடி

சேதராப்பட்டு தொழிற்பேட்டைக்குப் பின்னால்
கலிவரதன் வாங்கிப் போட்ட அரை ஏக்கர்.
ராத்திரி பத்தரைக்கு ஜாக்கி இறக்கினேன்.
செம்மண் இருபதடி,
பிறகு மஞ்சள் களி,
பிறகு இத்தனை வருஷமாகியும்
பெயர் தெரியாத ஒரு சாம்பல்.

ஐந்தடிக்கு ஒருதரம் முறத்தை நீட்டினாள் பெனசீர்.
வாயைச் சுற்றித் துப்பட்டா.
பிளாஸ்டிக் பையின் மேல்
மார்க்கர் பேனாவில் அடிக்கணக்கு.
முதுநகரிலிருந்து பஸ் மாறி வந்திருக்கிறாள்,
ஆராய்ச்சியாம்.
குழியின் தூளுக்கு யார் விலை கேட்பார்கள்,
அள்ளிக்கொள் என்று சொல்லியிருந்தேன்.

நூற்று நாற்பதில்
கம்ப்ரஸரை நிறுத்துங்கள் என்றாள்.
இருபத்திரண்டு வருஷத்தில்
தண்ணீர் வராமல் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

டார்ச் அடித்து, கண்ணாடி வில்லையை என் கண்ணில் வைத்தாள்.
தூள் இல்லை, ஓடு.
கடுகை நாலாய்ப் பிளந்த அளவு.
சுருண்டு, துளை வைத்து, விளிம்பெல்லாம் வேலைப்பாடு.
யாருக்குக் காட்ட இவ்வளவு?
முந்தின பையைப் பிரித்தாள், ஐந்தடி மேலே.
அதே கடல், அதே சேறு,
வேலைப்பாடில்லாத பொடிசுகள் மட்டும்.

‘இந்த இடைவெளியில்தான் டைனோசர் செத்தது.’
‘இங்கேயா?’
‘இங்கே கடல், அண்ணா. அது எங்கேயோ கரையில்.
சாவு இங்கேயும் வந்தது.’

மறுபடி ஓடவிட்டேன்.
அந்த இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திச் சொன்னாள்:
பாகூரில் ஆரம்பித்தால் முதுநகரில் முடிகிற நீளத்துக்கு
வானத்திலிருந்து ஒரு கல்.
இல்லை, மேற்கே தரை பிளந்து
லட்சக்கணக்கான வருஷம் கொதித்த குழம்பு.
கடல் பின்வாங்கியது என்பார்கள்.
எலி மாதிரி ஏதோ முட்டையைத் தின்றுவிட்டது என்பார்கள்.
புதுச் செடி ஒத்துக்கொள்ளாமல்
மலச்சிக்கலில் போனது என்றுகூட
ஒருகாலத்தில் எழுதியிருக்கிறார்களாம்.
சிரித்ததில் லீவரைக் கொஞ்சம் அதிகமாகவே அழுத்திவிட்டேன்.

சுக்லால் ராடு மாட்டுகிறவன், சத்தீஸ்கர்காரன்.
நாங்கள் பேசியதில் பாதிதான் புரிந்திருக்கும்.
மாஸ்டின் உச்சியைக் காட்டினான்.
ஆயிரம் வாட் விளக்கு
புழுதிக்குள் பழுத்த எலுமிச்சையாகத் தொங்கியது.
‘தூசி’ என்றான். இருமினான்.
அவள் அதைத் தனியாக நோட்டில் எழுதிக்கொண்டாள்.

முந்நூற்றுப் பத்து.
ஈரம்கூட இல்லை.
விடியற்காலை சைக்கிளில் வந்தவர்கள் நின்றார்கள்.
பக்கத்துக் கம்பெனி உறிஞ்சுகிறது என்றார் ஒருவர்.
செவ்வாய்க்கிழமையில் யார் பூமியைத் தொடுவார்கள்?
தேங்காய் வைத்து ஓட்டம் பார்த்தவன்
அன்றைக்கு நிதானத்தில் இல்லையாம்.
கலிவரதன் மட்டும் எதுவும் சொல்லவில்லை,
குழிக்குள் ஒரு கல்லைப் போட்டுவிட்டுக்
காதைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

‘உனக்கு எது என்று தோன்றுகிறது?’
பைகளைக் கட்டிக்கொண்டே பெனசீர் சொன்னாள்:
‘அந்த ஐந்தடி ஒரே நாளில் நடந்ததா,
ஒரு லட்சம் வருஷமா, அது தெரிந்தால் போதும்.
ஆனால் உங்கள் காற்று
மேலே இருந்ததையும் கீழே இருந்ததையும்
ஒன்றாக ஊதிவிடுகிறது.’

ஐந்தடிக்கு எனக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது.
அடிக்கு இவ்வளவு என்று கூலி,
ஆகவே நின்றதில்லை.
எத்தனை ஊரில் இந்தக் கோட்டைத் தாண்டியிருப்பேன்,
பீடி பற்றவைத்தபடி,
சுக்லாலைத் திட்டியபடி.

அவள் பஸ் ஏறினாள்.
பைக்கு லக்கேஜ் போடுவேன் என்றார் கண்டக்டர்,
மண் என்றாள், நம்பவில்லை.
ஜன்னலோரம் போய்ச் சொன்னேன்:
வியாழக்கிழமை வழுதாவூரில் ஒரு குழி.
நூற்றிருபதிலிருந்து
அரையடிக்கு அரையடி நிறுத்தி, ஊதிச் சுத்தம் செய்து தருகிறேன்,
முறத்தோடு வந்துவிடு.

டீசல் கணக்குக்கு முதலாளியிடம் என்ன சொல்வது?
அதற்கு ஒரு காரணம் யோசிக்க வேண்டும்.