ஆற்றுக்குள் ஒரு புள்ளி

வீட்டு வரி வசூலுக்காக வரைந்த படம் அது.
அதன் மேல்தான் சிவப்புப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன்.
திருப்பூர் மாநகராட்சியின் மாடி அறை,
நாலு கணினி, ஒரு மின்விசிறி,
மதியத்துக்குத் தயிர்சாதப் பொட்டலம்.
கதவெண் இருந்தால் புள்ளி தானே போய் உட்காரும்.
இல்லாவிட்டால்
செல்போன் கோபுரம் சொல்லும் இடத்தில்
தோராயமாக வைப்பேன்.

புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம்,
அதைச் சுற்றி இன்னொன்று.
வட்டங்கள் ஒன்றையொன்று தின்று
ஒரு வாரத்தில் ஊரே ஒரு கொப்புளம்.

வைகாசி பிறந்த அன்று
ஒரு புள்ளி நொய்யலுக்குள் விழுந்தது.
பெயர் பிகாஷ் மாஜி. வயது இருபத்துமூன்று.
கதவெண் இல்லை.
"மீனுக்கும் வந்துருச்சாட்ட இருக்குது"
பக்கத்து நாற்காலி சிரித்தது.
(அந்தத் தண்ணீரில் மீன் பார்த்தவர்
எங்களில் யாருமில்லை.)
பிழை, நீக்கு என்றார் பொறியாளர்.
நீக்கவில்லை.
துணிச்சல் என்று சொல்ல முடியாது,
கணக்கில் ஒன்று குறைந்தால்
சாயங்காலம் கலெக்டர் ஆபீசுக்கு
நான்தான் பதில் சொல்லணும்.

கருணாம்பிகைக்குப் போன் போட்டேன்.
காய்ச்சல் கணக்கெடுக்கப்
படி படியாக ஏறி இறங்குகிறவள்.
"ஆத்துக்குள்ள யாருங் இருக்கறாங்க?" என்றவள்
ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டாள்.
"சாயப்பட்டறைச் சுவத்துக்குப் பொறவால லைன் ஊடுங்.
இருவத்திரண்டு ரூமு. ரூமுக்கு ஏழெட்டுப் பேரு.
அத்தன பேருக்கும் ஒரே கக்கூசு.
உங்க படத்துல இல்லீங்களா இது?"

இல்லை.
வரி கட்டாத சுவர்கள்
எங்கள் படத்தில் நிற்பதில்லை.

போனைக் கையில் பிடித்துச் சுற்றி நடங்கள் என்றேன்.
அவள் நடக்க நடக்க என் திரையில் ஒரு கோடு,
சிக்னல் கிடைத்தால் ஓடி
கிடைக்காத இடத்தில் நின்று
வந்துகொண்டிருந்தது.
வடமேற்கு மூலையில் சட்டென்று உள்வாங்கியது.
"நாயொண்ணு குட்டி போட்டிருக்குதுங்,
கிட்டப் போனா வள்ளுங்குது."
சரி, விட்டு வாங்க.
கோடு மூடியது. ஏழு முனை, ஒரு கோணல்.
இடத்தின் பெயரென்ன என்று கேட்டது கணினி.
'மாஜி லைன்' என்று அடித்தேன்.

மறுநாள் தகரம் வந்தது.
அரிசி வந்தது.
விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிஜன் கிளிப்பு
இரண்டு வந்தது.
நூற்றறுபது பேரில் முப்பத்தொன்பது பேருக்கு இருந்தது.
நாலு பேரை ஆம்புலன்சில் ஏற்றினார்கள்,
மூன்று பேர் திரும்பினார்கள்.
மூவரில் மாஜி இருந்தானா, எனக்குத் தெரியாது.
அதற்குள் எங்கள் அட்டவணையில்
பெயருக்குப் பதில் எண்கள்.

ஆடியில் சிவப்பு ஆரஞ்சாகி
ஆரஞ்சு பச்சையாகி
கடைசியில் வெறும் தெருவாயிற்று.
ஒப்பந்தம் முடிந்தது.
பாராட்டுச் சான்றிதழ் தந்தார்கள், இனிஷியல் தப்பு.

தை மாதம் கருணாம்பிகை
வாட்ஸப்பில் ஒரு நோட்டீஸ் அனுப்பினாள்.
நீர்நிலை ஆக்கிரமிப்பு. பதினைந்து நாளில் காலி.
கீழே ஒரு வரைபடம்.
"இது நம்ம வேலையாட்டத் தெரியுதுங்."
கேட்டாளா, சொன்னாளா,
எழுத்தில் குரல் இல்லை.

பெரிதாக்கிப் பார்த்தேன்.
பெயரை எடுத்துவிட்டிருந்தார்கள்.
ஏழு முனையும் இருந்தன.
வடமேற்கில்
குட்டி போட்ட நாய்க்கு
நாங்கள் விட்டுக்கொடுத்த இடமும்
அப்படியே.