இருபது யூ

பன்னிரண்டாம் வளைவில் ஒரு சில்வர் ஓக்
சாலைக்குக் குறுக்கே படுத்துக்கொண்டது.
வண்டியை ஓரங்கட்டிய சேர்வராயன்
"வனத்துறை வரணும், ரம்பம் வரணும்,
அப்புறம்தான் சேலம் வரும்" என்று
பீடியோடு இறங்கிப் போனான்.

மினி பஸ்ஸின் எஞ்சின் மூடிமேல்
பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தாள் எமரன்சியானா.
விடுதிப் பிள்ளைகள் சலித்துக் கழித்த ஆட்டமாம்.
காணாமல்போன எச்சுக்குப் பதில் சட்டைப் பொத்தான்.
பலகையின் மடிப்பில் பிளாஸ்திரி.
"ஆளுக்கு ஏழு எழுத்து. பார்க்காம எடுங்க சார்."

பார்க்காமல்தான் எடுத்தேன்.
கியூ வந்தது.

யூ இல்லாத கியூ
வால் முளைத்த பூஜ்யம்.
லாரி இறங்கிப் போன பின்
எடைமேடைத் திரையில் கொஞ்சநேரம் நடுங்குமே, அது.
பதினோரு வருடமாக அடிவாரத்தில்
அந்த நடுக்கம் நிற்கக் காத்திருப்பதுதான் என் சம்பளம்.

போனில் தேடினேன்:
கியூ உள்ள, யூ இல்லாத ஆங்கிலச் சொற்கள்.
வட்டம் சுற்றியது.
சிக்னலில் ஒரு கோடு முளைத்தது,
மூடுபனி அதையும் துடைத்தது.
"கியூ, ஐ. ரெண்டே எழுத்து.
சீனத்துல மூச்சுன்னு அர்த்தம்"
என்றான் பின்சீட்டுக் கல்லூரிப் பையன்.
டப்பாவின் அடியில் கிடந்த அட்டை கிழிந்த அகராதி
அந்த மூச்சை விடவில்லை.

"கையில வேற என்ன?" எட்டிப் பார்த்தார் கண்டக்டர்.
"டி."
"டாக்டர் டியா, டீக்கடை டியா?"
"ரெண்டு இருக்கு. ரெண்டுமே டீக்கடை."

ஒன்றைச் செலவழித்து டீ வைத்தேன்.
நமக்கு ஓர் எழுத்து, அவர்களுக்கு மூன்று.

ஜன்னலுக்கு வெளியே
ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை
நெடுஞ்சாலைத் துறை இருபது யூ எழுதி
ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு வைத்திருக்கிறது.
என் கையில் ஒன்றுகூட இல்லை.

எமரன்சியானா யோசிக்கவே இல்லை.
என் டீயின் நடு எழுத்தில் போய் முடிகிற மாதிரி
ஆறு கட்டைகளை அடுக்கினாள்.

பாக்சைட்.

தினம் நாற்பது சீட்டில் நான் எழுதும் சொல்.
'சரக்கு' என்ற கட்டத்தில், கை தன்பாட்டுக்கு எழுதும் சொல்.
தார்ப்பாய்க்கு அடியில் மலையை விட்டு இறங்கும் சொல்.
டன் கணக்கு தெரியும்.
அதற்குள் ஓர் எக்ஸ் இருப்பது
இன்றைக்குத்தான் தெரியும்.

"எங்கே படிச்சீங்க?"
"படிக்கல சார். விடுதி விரிப்பெல்லாம் காயப்போட்டா
லாரி போகும். சாயங்காலம் அத்தனையும் சிவப்பு.
அது படிச்ச வார்த்தை இல்ல,
உதறின வார்த்தை."

எக்ஸுக்கு மட்டுமே எட்டுப் புள்ளி. தோற்றாயிற்று.
ஆனால் அந்தச் சொல்லில், மூன்றாவதாக,
ஒரு யூ
மேலும் கீழும் திறந்து கிடந்தது.

கியூவை அதன் தலையில் வைத்தேன்.
கீழே ஐ வைத்தேன்.
மிச்சம் இ, டி. விரல் நின்றது.

ஒன்பதாம் வகுப்பு, குகை, தமிழ் மீடியம்.
'அமைதி காக்கவும்' என்று கரும்பலகையில்
ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார்கள் லீடரை.
கடைசி இரண்டு எழுத்தும் இடம் மாறி
'மிகவும் காக்கவும்' ஆகிப்போனது.
முழு ஆண்டுத் தேர்வு வரை
என் பெயரே மிகவும்.

குவயட்டா, குவைட்டா?
பலகைக்கு இரண்டும் சம்மதம்.
இரண்டுக்கும் அதே புள்ளி.
எப்படித் தப்பாக வைத்தாலும் சரி.

வைத்தேன்.
எதை என்று சொல்லமாட்டேன்.

ரம்பம் எப்போது வந்தது, தெரியாது.
நின்றபோதுதான் கேட்டது.

"எண்ணிடலாமா சார்?" என்று அவள் பென்சில் தேடும்போதே
சேர்வராயன் ஏறி, ஒடித்துத் திருப்பினான்.
பாக்சைட் சரிந்து டீயில் விழுந்தது.
பொத்தான் உருண்டு கண்டக்டரின் செருப்பருகே நின்றது.
அவள் எல்லாவற்றையும் டப்பாவுக்குள் வழித்துப் போட்டு
மூடியை முழங்கையால் அழுத்தினாள்.

கீழே இறங்க
இன்னும் பதினோரு யூ.