வானத்தை வெட்டு

சுண்டிக்குளியில் ஒரு பழைய மாடிவீடு
விடுதியாகிக்கொண்டிருந்தது.
சாப்பாட்டறைக்குப் பிரெஞ்சுக் கடதாசி வேணுமாம்.
"நீர் பரிஸில பதினேழு வருசம் ஒட்டினனீர் எண்டு கேள்வி"
என்றார் குலவீரசிங்கம்.
ஓம், ஒட்டினேன்.
அதற்கு முதல் இங்கேயும் ஒட்டினேன்,
இரவில், கோதுமைமாக் கூழ் வாளியோடு,
முகங்களை.
அந்த முகங்களுக்கு அடுத்த தாள் இருந்ததில்லை.

இதற்கு இருபது தாள்.
முதுகில் பென்சிலால் இலக்கம்.
ஒன்றின் ஓரத்தில் பாதியாய் நிற்கும் குதிரை
அடுத்ததில் போய் முழுசாகும்.
மற்றக் கடதாசிகளில் ஒரே ரோசாப்பூ
சுவர் முழுக்கத் தன்னையே பெற்றுப் பெற்றுப் போடும்.
இங்கே ஒரு மரம் ஒரே தரம்தான்,
அறையைச் சுற்றி வந்தாலும் திரும்பக் கிடைக்காது.

அல்சாஸில் இருநூறு வருசத்துக்கு முன்
பேரிமரத்தில் ஆயிரத்துக்கு மேல் அச்சுக்கட்டை செதுக்கினார்கள்,
இந்தியாவை அச்சடிக்க.
பார்த்துவிட்டு வந்தவன் வரைந்ததைப்
பார்த்து வரைந்தவன் வரைந்ததைப்
பார்த்துச் செதுக்கினவர்கள்.
ஆகவே பனைக்குக் கோவாவின் தலை,
யானைக்குப் பூனையின் நகம்.
"உதில ஏறி ஒருத்தரும் கள்ளு இறக்கேலாது அண்ணை"
என்றான் மேசன் சவிரிமுத்து.

வானத்துக்கு மட்டும் கட்டை இல்லை.
தூரிகையால் இழுத்தது.
உச்சியில் கடும் நீலம், கீழே வர வர
பால் கலந்த தேத்தண்ணி நிறம்.
ஆர் வீட்டுக் கூரை எவ்வளவு உயரமோ தெரியாதென்று
வானத்தைத் தாராளமாய் வைத்திருப்பார்கள்.
முதல் நாளே முதலாளி பெர்த்ரான் சொன்னார்:
கூரை பதிவென்றால் வானத்தை வெட்டு.
ஆளை வெட்டாதே.
மொழி பாதியும் பிடிபடாத காலத்தில்
முழுசாய் விளங்கின வசனம் அதுதான்.
பதுங்குகுழியில் காதைப் பொத்தி வளர்ந்தவனுக்கு
வானத்தை வெட்டலாமென்று
அதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை.

சுண்டிக்குளிக் கூரையும் பதிவு.
இருபது தாளிலும் இரண்டடி வானம் வெட்டினேன்.
எறிய மனம் வராமல் சுருட்டிக்
கட்டிலுக்குக் கீழ் வைத்தேன்.
செல் விழுந்த பக்கத்துச் சுவர் சரிந்திருந்தது;
அடிவானம் நேராய்ப் போக
மலையொன்றைக் கொஞ்சம் ஏமாற்றினேன்.

ஐப்பசியில் முடிந்தது வேலை.
மார்கழியில் உப்பு வந்தது.
சுண்ணக்கல் வீடு, உவர்க் கிணறு,
அந்தத் தண்ணியில் குழைத்த பூச்சு.
பெர்த்ரானுக்கு இந்த உப்பைத் தெரியாது.
அது வானத்தைத் தொடவில்லை.
நிலத்திலிருந்து ஏறி
முதலில் பாதங்களைத் தின்றது.
பிறகு கணுக்கால்,
நாட்டியக்காரியின் சலங்கை,
குதிரைக் குளம்பு, பல்லக்குக்காரரின் முழங்கால்.

தை பத்தில் திறப்புவிழா.
பாதங்களை எங்கே வாங்குவது?
கையில் இருந்தது வானம் மட்டும்.
சவிரிமுத்து உதிர்ந்ததைச் சுரண்டி,
ஈரம் ஏறாமல் ஏதோ பூசித் தந்தான்.
எத்தனை மாரிக்குத் தாங்குமென்று
நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.
நீலத்தைத் தலைகீழாய்த் திருப்பிக்
கடும் பக்கம் நிலத்தில் படச்
சுவரடி முழுக்க ஒட்டினேன்.

விளக்கைப் போட்டுப் பார்த்தோம்.
யானை, பல்லக்கு, மூட்டையோடு பெண்கள்,
தோளில் பிள்ளை வைத்திருந்த ஒருவன்,
எல்லாரும் முழங்காலளவு நீலத்தில்
ஒரே பக்கமாய்ப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"கடல் சோக்காய் வந்திருக்கு" என்றார் குலவீரசிங்கம்,
"வெள்ளைக்காரர் படம் எடுப்பினம்."

சவிரிமுத்து கதைக்கவில்லை.
கன நேரம் நின்றான்.
பிறகு கேட்டான்:
"உது எந்த வருசம் அண்ணை?"

பெட்டியில் அச்சிட்டிருந்த வருசத்தைச் சொன்னேன்.
கூழ் வாளியைக் கழுவக்
கிணற்றடிக்குப் போனோம்.